ஆறு மாதக் கணக்கு

லிமெரிக், அயர்லாந்து
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா ஷரீஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி அமீருதீன் எழுதுகிறேன். கையெழுத்து மறந்திருக்கும் என்பதால் பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன்.

நாம் பேசி ஆறு வருடம் ஆகிறது. போன் செய்யலாம்தான். செய்தால் கொஞ்ச நேரத்தில் கடப்பேரி வீட்டுப் பேச்சு வரும், அதற்குப் பிறகு இரண்டு பேரில் ஒருவர் போனை வைத்துவிடுவோம். காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மஹீனுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது. ஜூன் 21, சனிக்கிழமை, இங்கேயே. மாப்பிள்ளை பெயர் மொஹ்சின், இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அவளே பார்த்த பையன். நானும் விசாரித்தேன். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

அவள் அம்மா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பதினொரு வயதில் நான் இங்கே கூட்டி வரும்வரை நீதான் வளர்த்தாய். அதை நான் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. மாமிக்கு முதலில் விசா வாங்குங்கள், பிறகு ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுங்கள் என்றாள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆகவே விசா வாங்கியாக வேண்டும்.

இதனுடன் என் அழைப்புக் கடிதம், என் பாஸ்போர்ட் நகல், சாப்பாட்டுக் கடையின் கணக்கு எல்லாம் வைத்திருக்கிறேன். டிக்கெட், தங்குவது, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. ஆனால் அது போதாது. உன் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். ஆறு மாதத்துக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் பேங்க் சீலோடு. வந்தவர் திரும்பிப் போவார், அவருக்கு ஊரில் ஏதோ இருக்கிறது என்று விசா ஆபீசருக்குத் தெரிய வேண்டுமாம். உனக்கு பென்ஷன் வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

நல்ல ஏஜென்ட் யாரையாவது பிடி. செலவை அனுப்புகிறேன்.

அமீர்


அஸ்தினாபுரம், குரோம்பேட்டை
2 பிப்ரவரி 2025

தம்பி அமீருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கவர் வந்தது. கையெழுத்து மறக்கவில்லை.

மஹீன் வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறாள். மொஹ்சினைப் பற்றி உனக்கு முன்பே எனக்குச் சொன்னாள். இதை எழுதியதற்காக அவளைக் கோபிக்காதே.

கடப்பேரி வீட்டைப் பற்றி நானாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அத்தா வைத்துவிட்டுப் போன வீடு அது. நான் குடியிருக்கும்போதே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், விலை பேச வீட்டைப் பார்க்க ஆளை அனுப்பினாய். அவ்வளவுதான். வருகிறேன். மஹீனுக்காக வருகிறேன்.

ஏஜென்ட் கிடைத்துவிட்டார். நான் லீஸுக்கு இருக்கும் இதே காம்பவுண்டில் மாடியில் எப்சி என்று ஒரு பெண் இருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் வேலை. அவள் கணவர் ஜாய்சன் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிர் சந்தில், விசா ஆபீஸ் வைத்திருக்கிறார். எப்சியே கீழே இறங்கி வந்து, "வெளிய யார்கிட்டயும் போகாதீங்கக்கா, இவரே பண்ணித் தருவாரு" என்றாள். வேறு ஒருவரிடம் போனால் இவர்களுக்கு மனக்கஷ்டம். போனேன்.

ஆபீஸ் சிறியது. சுவரில் பனிமலைப் படம், அதன் கீழே ஓடாத ஏ.சி. ஜாய்சன் மரியாதையான மனிதர். பேங்கில் வாங்கிய ஒன்பது பக்கத்தையும் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைப் பார்த்தார். "என்னக்கா இது, அமைதியா இருந்துகிட்டு இவ்ளோ வச்சிருக்கீங்க? உங்ககிட்ட நான்தான் விசா கேக்கணும்" என்றார். நான் சிரித்துவைத்தேன். நிக்காஹுக்கு மூன்று மாதம் இருக்கும்போது போட்டால் போதுமாம். அதுவரை பேப்பர்களைச் சரிபார்த்து உனக்கும் அனுப்புகிறேன் என்றார்.

ஷரீஃபா


லிமெரிக்
20 பிப்ரவரி 2025

அக்கா,

ஜாய்சன் உன் ஸ்டேட்மென்ட்டை மெயிலில் அனுப்பினார். பதினொரு லட்சத்துச் சொச்சம்.

மூன்று நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

வீட்டை விற்றபோது மார்க்கப்படி எனக்கு இரண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு. நான் பாதிப் பாதி என்றேன். ஜமாஅத்தில் இருந்த பெரியவர்கள்கூட எதற்கு என்று கேட்டார்கள். மச்சான் போய்விட்டார், ரயில்வே பென்ஷனைத் தவிர அக்காவுக்கு ஒன்றும் கிடையாது என்று அவர்களிடம் சொன்னேன். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பணம் மொத்தமும் அஸ்தினாபுரம் வீட்டு லீஸுக்குப் போய்விட்டது என்று பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாய். நான் நம்பினேன்.

அந்த வருடம் இங்கே கடைக்குக் கடன் வாங்கித்தான் அடுப்பு மாற்றினேன். இது உனக்குத் தெரியாது. சொல்லவில்லை.

பென்ஷனிலிருந்து இவ்வளவு சேராது. எனக்குக் கணக்குத் தெரியும், கடை வைத்திருக்கிறேன். அப்படியானால் அன்றைக்கே இருந்திருக்கிறது. விசா ஆபீசருக்குக் காட்ட வேண்டும் என்று நான் கேட்டிருக்காவிட்டால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது.

நீ வர வேண்டும். மஹீனுக்காக. விசா வேலை நடக்கட்டும். மற்றது உன் மனசாட்சி.

அமீருதீன்


அஸ்தினாபுரம்
3 மார்ச் 2025, நோன்பு இரண்டு

தம்பி அமீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தில் ஸலாம் இல்லை. என்னுடையதில் இருக்கட்டும்.

அந்தப் பணம் என்னுடையதல்ல. அதில் என் பென்ஷன் மிச்சம் இரண்டு லட்சம் இருக்கும். மற்றதெல்லாம் அமானிதம். என்னை நம்பிப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்தது. கொடுத்தவர்கள் பன்னிரண்டு பெண்கள்.

எப்படி என்று கேட்பாய். இங்கே குடிவந்த புதிதிலேயே பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் குர்ஆன் ஓத வர ஆரம்பித்தார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் ஒருநாள் ஐந்நூறு ரூபாயை என் கையில் திணித்து, "வச்சிருங்கக்கா, வீட்ல இருந்தா போயிரும்" என்றாள். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. ஒருத்தி கொடுத்ததைப் பார்த்து இன்னொருத்தி. ஓத வராத வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற வீடும், சர்ச்சுக்குப் போகிற வீடும், கோவிலுக்குப் போகிற வீடும் அதில் உண்டு. அவர்கள் வீட்டு ஆண்களுக்கு இது தெரியாது. சிலருக்கு அதுதான் காரணம். சிலருக்குத் தன் பெயரில் கணக்குத் தொடங்கினால் பாஸ்புக் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம்.

முதலில் பீரோவில் வைத்திருந்தேன். அடுத்த தெருவில் பூட்டை உடைத்துத் திருடினார்கள். அதன் பிறகு பேங்கில் போட்டேன். எழுதிக் கொடுத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை. அவரவர் சொல்லும் தொகையும் என் மனதில் இருக்கும் தொகையும் இதுவரை மாறியதில்லை. பேங்க் போடும் வட்டியை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நாம்தான் பேசவில்லையே.

யார் யார் என்று கேட்காதே. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நீ கொடுத்த பாதிப் பங்கு லீஸில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் தோத்தாத்ரி எதிர்வீட்டிலேயே இருக்கிறார், மச்சானோடு ரயில்வே அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தவர். வேண்டுமானால் அவரைக் கேட்டுக்கொள்.

ஷரீஃபா


லிமெரிக்
12 மார்ச் 2025

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் நேற்று வந்தது. நான் எழுதியதை அப்படி எழுதியிருக்கக் கூடாது. கடைக்கு ஆள் வராத வாரம் அது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஆனால் இது விசாவுக்குச் சிக்கல். பெரிய தொகை கணக்கில் வந்தால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்தேன். இரவல் வாங்கிப் போட்டுக் காட்டுகிறவர்கள் அதிகமாம். உன்னுடையதும் அப்படித்தான் தெரியும்.

நேரம் கடத்த வேண்டாம் என்று நேற்றே ஜாய்சனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அது அக்கா பணம் இல்லை, தெருவில் உள்ள பெண்கள் வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்து வைத்திருப்பது, எந்த வரி யாருடையது என்று பட்டியல் போட்டு ஆளுக்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள் என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டார். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன் என்றார். பொறுப்பான மனிதர்.

உண்மையைச் சொல்வதில் நமக்கு என்ன பயம்?

அமீர்


அஸ்தினாபுரம்
26 மார்ச் 2025

தம்பி அமீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீ போன் செய்த மறுநாள், நோன்புக் கஞ்சி அடுப்பில் இருந்தபோது ஜாய்சன் வந்தார். கையில் ஸ்டேட்மென்ட். உட்காரச் சொன்னேன். "வீட்லயே பேங்க் நடத்துறீங்க. எனக்கும் ஒரு லோன் சாங்ஷன் பண்ணுங்களேன்க்கா" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் பக்கத்தை விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். எல்லாரும் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். ஒரே ஒருத்தி தீபாவளி போனஸை அவசரத்தில் போனிலிருந்து அனுப்பிவிட்டாள். அந்த வரியில் பெயர் அச்சாகியிருக்கிறது. இங்கிலீஷ் எழுத்து, பொடி எழுத்து. நான் அதுவரை பார்க்கவில்லை. அவரைப் போலவே நானும் கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"இதுல எப்சின்னு போட்டிருக்கே. வேற எப்சியாக்கா?"

"எந்த எப்சியா இருந்தாலும் நான் சொல்றதுக்கில்ல தம்பி."

"அப்ப என் எப்சிதான்."

பேப்பரைக் கொடுங்கள், எனக்கு விசா வேண்டாம் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"போன வருஷம் போனஸே இல்லன்னு சொன்னா. நானும் சரின்னுட்டு அந்தோணியார் கோயில் எதிர்ல இருக்கற கடையில கடனுக்குப் பசங்களுக்கு டிரெஸ் எடுத்தேன். நான் குடிக்கறனாக்கா? கை நீட்டியிருக்கேனா? எனக்குத் தெரியாம எதுக்கு?"

அவர் குடிப்பதில்லை, அடிப்பதும் இல்லை. வீட்டில் எது இருந்தாலும் ஆபீஸ் வாடகைக்கு எடுத்துப்போவார், அடுத்த மாதம் திருப்பித் தருகிறேன் என்பார். எடுத்ததில் பாதி திரும்பி வராது. எப்சி சேர்த்தது மகள் ஜெரூஷாவுக்கு. பொத்தேரியில் கல்லூரியில் சேர்க்க. இது எனக்குத் தெரியும். அதை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியுமா? கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அவர் எழுந்து போனார்.

மாடியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால் நான் மேலே போயிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். எப்சி என்னைப் பார்க்கவில்லை. பணத்தைத் திருப்பித் தரும்படி ஜாய்சன் கேட்டார். பேங்குக்குப் போய் எடுத்து வந்தேன். அவர் கையை நீட்டினார். நான் எப்சி கையில் கொடுத்தேன். அவள் அதை அவரிடம் கொடுத்தாள்.

அவர் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். தன் வீட்டுச் சங்கதி ஆயிற்றே. ஆனால் பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எப்சி வழியாக ஒருத்திக்குத் தெரிந்தது, அவளிடமிருந்து மற்றவர்களுக்கு. ஒரே வாரத்தில் எல்லாரும் வந்து கேட்டார்கள். சாமான் வாங்க வருகிற மாதிரி கூடையோடு வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. விஷ்ணுப்ரியா என்று ஒரு சின்னப் பெண், அவளே கணவரிடம் சொல்லிவிட்டதால் பெயரை எழுதுகிறேன், "உங்கள நம்பித்தானேக்கா குடுத்தேன், உங்க தம்பிய நம்பியா குடுத்தேன்?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வீட்டு ஆண்கள் வாசலில் நின்று தங்கள் மனைவியும் கொடுத்திருக்கிறாளா என்று கேட்டார்கள். ஜாய்சனிடம் சொன்ன பதிலையே அவர்களிடமும் சொன்னேன்.

தினமும் பணம் எடுப்பதைப் பார்த்து பேங்கில் இருக்கும் பெண், "என்னம்மா, கூடுவாஞ்சேரி பக்கம் பிளாட் எதுவும் முடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது கணக்கில் இருப்பது என் பணம் மட்டும். ஓத வந்த பதினேழு பிள்ளைகளில் ஐந்து பேர்தான் வருகிறார்கள்.

ஏஜென்டின் பெயரை உனக்கு எழுதினேன். அந்தப் பன்னிரண்டு பேரில் அவர் மனைவியும் உண்டு என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ போன் செய்திருக்க மாட்டாய். எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. இதில் உன் தவறு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். பிரிக்கத் தெரியவில்லை.

ஷரீஃபா


லிமெரிக்
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் உன் கடிதம் கிடைத்தது. தொழுதுவிட்டு வந்து படித்தேன். அன்று கடையைத் திறக்கவில்லை.

நான் செய்தது தவறு. இதற்கு மேல் நீட்டினால் என்னை நானே ஆறுதல்படுத்திக்கொள்கிற மாதிரி ஆகும்.

ஜாய்சனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கணக்கு இப்போது முன்பைவிட மோசமாகத் தெரியும். பெரிய பணம் இருந்தது, விண்ணப்பத்துக்கு முன்னால் எல்லாம் வெளியே போய்விட்டது. இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். ஒரு வழிதான் இருக்கிறது என்கிறார். பணம் கொடுத்தவர்கள், இது எங்கள் பணம், திரும்ப வாங்கிக்கொண்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகல் கொடுத்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாதாம். பன்னிரண்டு பேரும் வேண்டாம். மூன்று நான்கு பேர் போதும். எப்சியிடமே கேட்கலாம். விஷ்ணுப்ரியாவிடம் கேட்கலாம். இனி அவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

உன் கணக்குக்கு நான் பத்து லட்சம் அனுப்புகிறேன் என்று சொன்னதற்கு வக்கீல் சிரித்தார். அதனால் அனுப்பவில்லை.

மஹீனிடம் எதையும் சொல்லவில்லை. மாமி குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். நோன்பு என்றேன்.

அமீர்


அஸ்தினாபுரம்
19 ஏப்ரல் 2025

தம்பி அமீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். குரோம்பேட்டையில் ரயிலேறி நானே விசா மையத்துக்குப் போனேன். கைரேகை எடுத்தார்கள். என் விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது என்று நான்கு முறை வைக்கச் சொன்னார்கள்.

எப்சியிடம் கடிதம் கேட்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்று நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை. அவள் பெயர் அச்சான அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுக்கவும் முடியாது. பேங்க் சீல் வரிசையாக இருக்கிறது.

விளக்கக் கடிதம் நானே எழுதினேன். இந்தக் கணக்கில் வந்து போன பணத்தில் பெரும்பகுதி என்னுடையது அல்ல, அக்கம்பக்கத்துப் பெண்கள் பாதுகாப்புக்காகக் கொடுத்தது, அவர்கள் கேட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் பெயரைத் தர இயலாது, என் வருமானம் குடும்ப ஓய்வூதியம் மட்டும், லீஸுக்குக் கொடுத்த பணத்தின் பத்திரத்தை இணைத்திருக்கிறேன். இவ்வளவுதான். வீட்டுக்காரர் தோத்தாத்ரி இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, இது அப்ளிகேஷனா, வாக்குமூலமா?" என்று கேட்டார். பெயரைத் தர இயலாது என்ற வரியை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் மீதி எல்லாம் பொய் மாதிரி இருக்கும் என்றேன். அந்த வரி இருந்தாலும் பொய் மாதிரிதான் இருக்கும் என்றார் அவர். ஆனால் நன்றாக டைப் அடித்துக் கொடுத்தார்.

மஹீனுக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன். விசா கிடைத்தால் கொண்டு வருகிறேன்.

ஷரீஃபா


லிமெரிக்
27 ஜூன் 2025

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. விசா மறுத்துவிட்டதால் நீ வீடியோவில்தான் பார்த்தாய், ஆனால் போனைப் பிடித்திருந்த மொஹ்சினின் தம்பி பாதி நேரம் தன் செருப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தானாம். அதனால் எழுதுகிறேன்.

நூறு பேர் வந்தார்கள். பிரியாணி என் கடையிலிருந்துதான். பெண்ணுக்குப் பொறுப்பாளரான 'வலி'யாக நான் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடும் முன் மஹீன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உன்னைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். "அத்தா, இந்தப் பேனா எழுதல" என்றாள். என் பேனாவைக் கொடுத்தேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் போன் செய்ததையும். அவள் என்னைத் திட்டவில்லை. மாமி கடிதம் கேட்டிருந்தால் வந்திருக்கலாம் இல்லையா என்று மட்டும் கேட்டாள். வந்திருக்கலாம் என்றேன்.

கடப்பேரி வீட்டில் பாதி கொடுத்ததை நான் சொல்லிக்காட்டினேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் கொடுத்ததே வீண் என்று அத்தா சொல்வார். உன்னிடம் கேட்காமல் ஆளை அனுப்பியதும் தவறுதான். இதை ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

இனி நான் சொல்வதைக் கேள். மஹீனும் மொஹ்சினும் புது வீட்டுக்கு ஜனவரியில் போகிறார்கள். அன்றைக்கு வீட்டு விருந்து. நீ வந்துதான் வீட்டைத் திறக்க வேண்டும் என்கிறாள். திரும்பவும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. வக்கீல் ஒன்றே ஒன்று சொன்னார். அடுத்த ஆறு மாதத்துக்கு உன் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். பென்ஷன் வரட்டும், நீ எடுத்துச் செலவு செய். வேறு ஒரு ரூபாய் உள்ளே வரக் கூடாது. வராவிட்டால் கட்டாயம் கிடைக்கும் என்கிறார்.

ஜனவரிவரை யாரிடமும் எதுவும் வாங்காதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

அமீர்


அஸ்தினாபுரம்
12 ஜூலை 2025

தம்பி அமீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

செருப்பு நன்றாக இருந்தது. புதுச் செருப்பு.

விசா மறுத்த கடிதத்தைத் திரும்பப் படித்தேன். தோத்தாத்ரி தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கள் கணக்கில் காணப்படும் பணம் உங்களுடையது என்று நிறுவப்படவில்லை. அது உங்கள் பயணத்துக்குக் கிடைக்கக்கூடியது என்றும் நிறுவப்படவில்லை."

விசா ஆபீசர் எழுதியது சரி. நான் அவரை ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த ஒன்பது பக்கத்தைப் பார்த்து நீ என்னைப் பணக்காரி என்று நினைத்தாய். ஜாய்சன் தன் மனைவியைக் கண்டுபிடித்தார். முகம் தெரியாத அந்த ஆபீசர் ஒருவர்தான் அது என் பணமில்லை என்று சரியாகப் படித்திருக்கிறார்.

ஜனவரிக்குள் கணக்கைச் சுத்தமாக வைக்கச் சொல்லியிருக்கிறாய். அது நடக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை எப்சி வந்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் என் வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள், தனியாக. உட்காரவில்லை. நான் கடிதம் கேட்காதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தோத்தாத்ரி வீட்டம்மா சொல்லியிருக்கிறார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா" என்றாள். தெரியும் என்றேன்.

அவளிடமிருந்து வாங்கிய பணம் ஆபீஸ் வாடகை பாக்கிக்குப் போய்விட்டது. ஜெரூஷாவைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள், முதல் வருடத்துக்குக் கடன் வாங்கி. ஜாய்சனே அலைந்து வாங்கினார் என்று சொன்னாள். அதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னாள்.

பிறகு பைபிள் பையைத் திறந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அடுத்த வருஷத்துக்குக்கா. அவருக்குத் தெரியாது."

உன் கடிதம் அப்போது வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். பீரோவில் வைக்கச் சொல்வாய். இந்தத் தெருவில் யார் வீட்டில் பீரோ எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேறு பேங்கில் இன்னொரு கணக்குத் தொடங்கி, அதைக் காட்டாமல் விடச் சொல்வாய். எல்லாக் கணக்கையும் காட்டியிருக்கிறேன் என்று எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். திங்கட்கிழமை பேங்குக்குப் போய்ப் போட்டுவிட்டேன். ரொக்கமாக.

ஜனவரிக்கு நீ விண்ணப்பம் அனுப்பு. நான் கையெழுத்துப் போடுகிறேன், கைரேகையும் வைக்கிறேன். அந்த வரியைப் பற்றிக் கேட்பார்கள். போன முறை சொன்னதையே சொல்வேன்.

மஹீனிடம் புது வீட்டை அவளே திறக்கச் சொல். சேலையைத் தனி பார்சலில் அனுப்புகிறேன். மாமிக்கு விசா கிடைப்பது கஷ்டம் என்று மட்டும் சொல், காரணம் கேட்டால் சொல்லாதே. வக்கீலிடமும் வேண்டாம்.

இந்த முறை எப்சியின் பெயரை எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று போன முறை பார்த்தோம். இப்போது இது என்னைத் தவிர உனக்கும் தெரியும்.

அக்கா
ஷரீஃபா